கண்டு சொல்லும் அறிவுரையும் கேட்டுச் சொல்லும் அறிவுரையும்

கல்லூரியை விட்டு வெளியேறும் இளைஞர்க்கு இன்ன தொழில் தக்கது, இன்னவாறு தம்மைத் திருத்திக்கொள்ளல் வேண்டும் என்று வழிகாட்டுதல் இக்காலத்தில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அரசாங்கத்தாரும் இதிற் கருத்துச் செலுத்தி, 2022-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ‘நான் முதல்வன்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினர். தனியார் நடத்தும் வகுப்புகளுக்கோ கணக்கில்லை. கல்லூரி மண்டபங்களில் ஆண்டுதோறும் இவ்வகைச் சொற்பொழிவுகள் நிகழ்கின்றன; நாமும் பலவற்றைக் கேட்டிருக்கின்றோம். அவற்றுட் பெரும்பாலானவற்றிற்குப் பொதுவாக ஓர் இலக்கணம் உண்டு. அன்றாட வாழ்விற் காணப்படும் சிறு பொருளொன்றை எடுத்துக்கொண்டு, அதினின்று தொழிலுக்கும் ஒழுக்கத்திற்கும் ஒரு பாடம் புகட்டுவதே அவ்விலக்கணம். எறும்பும் கழுகும் மூங்கிலும் பென்சிலும் மேடைக்கு வாராத ஆண்டில்லை.

இம்முறையை நாம் குறை கூற வந்தோமல்லோம். கண்முன் உள்ளதைக்கொண்டு காணாததை விளக்குதல் நல்லாசிரியர் அனைவரும் கையாண்ட வழியே. நம் குறை வேறு. சொல்லுபவர் அப்பொருளைக் கண்டதில்லை என்பதே அது. கழுகின் கதையைக் கேளாதார் யார்? நாற்பதாம் வயதில் அது மலையுச்சிக்குச் சென்று, தன் அலகைப் பாறையில் மோதி உடைத்துப் புதிய அலகு முளைக்கும் வரையில் தவங்கிடந்து, மேலும் முப்பதாண்டு வாழ்கிறதாம்! அலகு இழந்த கழுகு இரை கிழிக்க வகையின்றிச் சில நாட்களிற் பட்டினியால் மடியும். அதன் அலகோ நம் நகத்தைப்போல வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே தேய்வது. உடைத்துப் புதுப்பிக்கவேண்டிய அவசியமே அதற்கில்லை. மூங்கிலின் கதையும் இத்தகையதே. ஐந்தாண்டு மண்ணுக்குமேல் ஒன்றும் காட்டாமல் இருந்து, பின் திடீரென்று வானளாவ எழும் என்கின்றனர். மூங்கில் விதை சில வாரங்களில் முளைத்துவிடும். முதலாண்டிலிருந்தே மெல்லிய தண்டுகளை விட்டுக்கொண்டிருக்கும். ஒரு கழுகையோ ஒரு மூங்கிற் புதரையோ ஒரு முறையேனும் நின்று பார்த்தவர் இக்கதைகளைச் சொல்லத் துணியார்.

பொய்க்கதையாயினும் அதனால் விளையும் ஊக்கம் மெய்யன்றோ என்று சிலர் கேட்கலாம். மருந்தென்று வெறும் நீரைக் கொடுத்தும் சிலர்க்குத் தலைநோவு நீங்குவதுண்டு. அதற்காக நீரை மருந்தென்று விற்கும் கடையை நாம் ஆதரிப்பதில்லை. அன்றியும், பிள்ளையின் மூன்று நான்கு ஆண்டுகளும், பெற்றோர் நகையை அடகு வைத்துக் கட்டிய பணமும் இவ்வறிவுரையின்பேரில் ஒரு வழியிற் செலுத்தப்படுகின்றன. ஆகவே இது வேடிக்கைப் பேச்சென்று விட்டுவிடத் தக்கதன்று.

எறும்பை எடுத்துக்கொள்வோம். நீதிமொழிகள் என்னும் நூல் சோம்பலுடையானை எறும்பினிடம் அனுப்புவதை நம் மாணவர் நன்கறிவர். அங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. எறும்பைப்பற்றிய பிரசங்கத்தைக் கேள் என்று அந்நூல் அவனுக்குச் சொல்லவில்லை. அதனிடம் போய்ப் பார்க்கச் சொல்கிறது. எறும்பு அறுப்புக்காலத்தில் தானியம் சேர்க்கும் என்று அது கூறுவதை ஐரோப்பிய இயற்கைநூலார் நெடுங்காலம் ஐயுற்றனர். குளிர்நாட்டு எறும்புகள் தானியம் சேர்ப்பதில்லை. தம் நாட்டிற் கண்டதைக்கொண்டு பிறநாட்டாரின் காட்சியை அவர்கள் மறுத்தனர். ஐயத்தை நீக்கியவர்களுள் இருவர் நம் தேசத்தில் உத்தியோகம் பார்த்தவர்கள். பூனாவில் இருந்த சைக்ஸ் என்னும் படைத்தலைவர், மழையில் நனைந்த புல்விதைகளை எறும்புகள் வெளியே கொணர்ந்து வெயிலிற் பரப்பி உலர்த்துவதைக் கண்டு எழுதினார். ஜெர்டன் என்னும் வைத்தியர் தென்னிந்திய எறும்புகளைப்பற்றிய தம் குறிப்புகளை 1851-ல் நம் சென்னையில் வெளிவந்த ஒரு சஞ்சிகையில் அச்சிட்டார். விதை சேர்க்கும் எறும்புகளை அவரும் குறித்துள்ளார். பின்னர் மாக்ரிஜ் என்பவர் பிரான்சின் தென்கரையில் எறும்புப் புற்றுகளைத் தோண்டி, உள்ளே தானியக் களஞ்சியங்களைக் கண்டு 1873-ல் நூலாகவே வெளியிட்டார். அதன்பிறகு வாதம் ஓய்ந்தது.

இவ்வளவில் நின்றிருந்தால் மேடைப் பேச்சாளர் மகிழ்ந்திருப்பர். ஆனால் பார்ப்பவர் பார்ப்பதை நிறுத்துவதில்லை. அமெரிக்காவில் அரிசோனாப் பல்கலைக்கழகத்தார் ஒரு சிற்றெறும்பு வகையின் ஒவ்வோர் எறும்பிற்கும் நிறப்புள்ளியிட்டு நாட்கணக்காய்க் கவனித்தனர். கூட்டத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு எறும்புகள் பெரும்பொழுது யாதொரு வேலையுமின்றிச் சும்மா இருந்தன! 2017-ல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் வியப்பானது. சுறுசுறுப்பான எறும்புகளை எடுத்துவிட்டபோது, சும்மா இருந்தவற்றுட் சில ஒரு வாரத்திற்குள் எழுந்து அவ்வேலைகளைச் செய்யத் தொடங்கின. சும்மா இருந்தவற்றை எடுத்துவிட்டபோதோ அவ்விடத்தை நிரப்ப ஒன்றும் முன்வரவில்லை. கூட்டத்திற்கு அவை சேமப்படையாய் உதவுகின்றன என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். இதைப் படிக்கும் விடுதி மாணவர் சிலர் தமக்கு ஆதாரம் கிடைத்ததென்று மகிழக்கூடும். சேமப்படை ஒரு வாரத்தில் எழுந்துவிட்டது என்னும் பகுதியையும் அவர்கள் படிப்பாராக.

நிற்க. ‘எறும்பு ஓயாது உழைக்கும், நீயும் ஓயாது உழை’ என்னும் வழக்கமான பாடத்திற்கும், மேலே கண்ட செய்திக்கும் உள்ள தூரத்தை நோக்குக. முன்னது எறும்பை ஓர் அலங்காரமாக வைத்துக்கொண்டு, சொல்ல வந்ததை முன்னரே முடிவுசெய்துகொண்டது. பின்னதோ பார்ப்பவன் எதிர்பாராத இடத்தில் அவனைக் கொண்டுபோய் விடுகிறது. அன்றாடக் காட்சியினின்று பாடம் பெறுவதென்றால், பெறுபவனுடைய முந்திய எண்ணத்தைச் சிறிதேனும் அக்காட்சி மாற்றியிருத்தல் வேண்டும். மாற்றவில்லையெனின், அவன் அதைக் காணவில்லை என்றே நாம் கொள்வோம்.

டொயோட்டாத் தொழிற்சாலையில் தைச்சி ஓனோ என்பார் புதிய எஞ்சினீயர்களுக்கு வைத்த பயிற்சி உலகப் பிரசித்தமானது. தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைந்து, அதனுள் ஒருவனை நிறுத்தி, ‘இங்கிருந்து பார்’ என்று சொல்லிச் செல்வாராம். சில மணி கழித்து வந்து என்ன கண்டாய் என்பார். விடை போதாதெனின் அவன் மீண்டும் வட்டத்திலேயே நிற்கவேண்டும். யந்திரம் எங்கே வீணாய்க் காத்திருக்கிறது, தொழிலாளி எதற்காக எத்தனை முறை குனிகிறான் என்பவை முதல் மணியிற் புலப்படுவதில்லை.

இஃது எங்கோ ஜப்பானில் நடந்த செய்தியென்று நாம் ஒதுக்கவேண்டுவதில்லை. அம்பத்தூரை அடுத்த பாடியில் சுந்தரம்-கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக்குப் பிரிவு 1998-ல் டெமிங் பரிசைப் பெற்றது. தரத்தின்பொருட்டு ஜப்பானியர் 1951 முதல் வழங்கிவரும் அப்பரிசு இந்தியாவுக்கு வந்தது அதுவே முதன்முறை. 2002-ல் அதற்கும் மேலான ஜப்பான் தரப் பதக்கமும் அப்பிரிவுக்குக் கிடைத்தது. அப்பிரிவு இன்று வேறு பெயருடன் வேறு உரிமையாளர் கையில் உள்ளது. ஆயினும் அப்பெருமை இம்மேற்குப் புறநகருக்கு உரியது. அங்கே கைக்கொள்ளப்பட்ட முறையின் உயிர்நாடி யாதெனின், யந்திரத்தின்முன் நாள் முழுதும் நிற்பவன் காண்பதை மேலதிகாரி கேட்டுக்கொள்ளவேண்டும் என்பது. குனிந்தெடுக்கும் பெட்டியை இடுப்பளவு உயர்த்தி வைத்தல், ஒரே தோற்றமுடைய இரு திருகுகளை வேறு நிறத் தட்டுகளில் இடுதல் என்னும் இத்தகைய சிறு காரியங்களே அம்முறையில் ஆயிரக்கணக்காய்த் திரள்கின்றன. இவை ஒன்றையேனும் மேடையிலிருந்து எவரும் போதித்திருக்க முடியாது. அவ்விடத்தில் நின்றவனுக்கே அவை தோன்றும்.

தொழில் தெரிந்தெடுப்பதிலும் இவ்வாறு நின்று பார்த்தல் ஏன் வழக்கமாகவில்லை என்பதே நம் கேள்வி. தொழில்வழிகாட்டுதலுக்கு முதன்முதல் ஒரு நிலையம் கண்டவர் பிராங்க் பார்சன்ஸ் என்பவர். 1908-ல் பாஸ்டன் நகரில் அதைத் தொடங்கி அவ்வாண்டிலேயே அவர் காலமானார். அவருடைய நூல் மறுவருடம் வெளிவந்தது. தன்னையறிதல், தொழிலையறிதல், இவ்விரண்டையும் பொருத்திச் சிந்தித்தல் என்பதே அவர் வகுத்த நெறி. இன்றைய வகுப்புகளில் முதற்பகுதிக்குக் குறைவில்லை. ‘நீ யார்’ என்று கேட்கும் வினாத்தாள்கள் குவிந்துள்ளன. நடுப்பகுதி ஏறக்குறைய மறக்கப்பட்டது. எந்திரவியல் பட்டத்திற்குச் சேர்ந்த மாணவன் மூன்றாம் ஆண்டு வரையில் கடைசல் யந்திரம் ஓடும் ஒரு பட்டறையைக் காணாதிருக்கின்றான். அவன் வீடோ அம்பத்தூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ளது!

நம் கல்லூரி மாணவருட் பலர் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளிலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் வருபவர். அவர்கள் தினந்தோறும் கடந்து வரும் இடங்களைவிடச் சிறந்த தொழிற்பாடசாலை தென்னாட்டில் அரிது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ல் நிறுவப்பட்டது. அதற்கு முன்னரே, 1949-ல் ஆரம்பிக்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அவ்வூரிற் சைக்கிள் செய்யத் தொடங்கியது. இன்று பேட்டையினுள்ளே வார்ப்புப் பட்டறை, அச்சுக்கூடம், ஆடை தைக்கும் நிலையம், கணினிக் கம்பெனிகளின் கண்ணாடிமாடம் யாவும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கின்றன.

அங்கே வாயில்தோறும் ‘ஆட்கள் தேவை’ என்னும் பலகை தொங்குவதை யாவரும் கண்டிருப்பர், படித்தவர் சிலரே. டர்னர், பிட்டர், வெல்டர், சி.என்.சி. ஆப்பரேட்டர், தரம் பார்ப்பவர், தையல் மெஷின் ஆப்பரேட்டர், பேக்கிங் உதவியாளர் என்று பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். ஒரு நாள் படித்தால் இது வெறும் விளம்பரம். இரண்டு மாதம் தொடர்ந்து படித்தால் இதுவே ஒரு நூல். ஒரு வேலையின் பெயர் ஒரு வாரத்தில் அழிக்கப்படுகிறது, அவ்விடம் நிரம்பிவிட்டது. மற்றொரு வேலையின் பெயர் மழையில் நனைந்து வெயிலில் வெளுத்து ஆண்டு முழுவதும் அழியாமல் இருக்கிறது. வேலைக்கு அங்கே பஞ்சமில்லை என்று அதைக் கண்டு மகிழ்பவன் பாதியே படித்தவன். ஆண்டு முழுதும் ஆள் தேவைப்படுவது, வந்த ஆள் நிலைக்காமையினாலும் இருக்கலாம். ‘தங்குமிடம் இலவசம்’ என்றிருந்தால், உள்ளூரார் இக்கூலிக்கு வாரார் என்று முதலாளி முடிவுசெய்திருக்கிறார் என்று கொள்ள இடமுண்டு. ‘பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டு’ என்று பெரிய எழுத்தில் பெருமையாய் எழுதியிருப்பது, பக்கத்து வாயிலில் அவை சரிவரக் கிடைப்பதில்லையோ என்று நினைக்கச் செய்கிறது. அண்மையில் சில பலகைகளில் தமிழோடு இந்தியும் எழுதப்பட்டிருப்பதை நாம் கண்டோம். வேலை தேடுவோன் இனி எவரோடு ஓரிடத்தில் உழைக்கவேண்டும், எவரை வழிநடத்தவேண்டும் என்பதை அவ்விரண்டாம் எழுத்து ஒரு சொல்லும் வீணாக்காமல் தெரிவிக்கிறது.

பலகையைக் காட்டிலும் மேலான சாட்சி ஷிப்டு முடிந்து வெளிவரும் கூட்டம். ஒரு தொழிலுக்குள் நுழைய விரும்புபவன் அத்தொழிலில் உள்ள இருபத்தைந்து வயதினரையே பார்த்து ஆசைகொள்கிறான். நாற்பத்தைந்து வயதினரைத் தேடிப் பார்க்கவேண்டும் என்பது நம் கருத்து. அவ்வயதினர் அக்கூட்டத்தில் இருக்கின்றனரா? இருப்பின் இளைஞன் செய்யும் அதே வேலையையா செய்கின்றனர்? இல்லையெனின் எங்கே சென்றனர்? நாம் பார்த்த அளவில், அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூம்களில் நரைத்த தலைகள் உண்டு. அவர்களைச் சுற்றி இளைஞர் நின்று கேட்கின்றனர். வேறு சில வாயில்களில் வெளிவரும் நூறு பேரில் முப்பதைக் கடந்த முகம் காண்பது அரிதாயிருந்தது. இவ்வேறுபாட்டை எந்த விளம்பரமும் கூறாது. சென்றவர்களை வாயிலிற் காண முடியாதாகையால், அவர்களை வேறிடத்தில்தான் தேடவேண்டும். பேட்டையைச் சுற்றியோடும் ஷேர் ஆட்டோக்களின் ஓட்டுநரிடமும், சிறு தேநீர்க்கடை வைத்திருப்போரிடமும் பேச்சுக்கொடுத்துப் பார்த்தால், பழைய தொழிலாளர் சிலரையேனும் சந்திக்கலாம். ஆயிரக்கணக்கானோர்க்குச் சோறிட்ட டன்லப் டயர்த் தொழிற்சாலை அம்பத்தூரில் இருந்ததையும், அது மூடப்பட்டதையும் அறிந்த முதியோர் இன்றும் உளர். கம்பெனியின் பெயர் மறைந்தபின் எவனுடைய கைத்தொழில் அவனோடு மிஞ்சியது, எவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பதை அவர்கள் வாயினின்று அரைமணி கேட்பது நலம்.

ஆவடிக்கு வருவோம். அவ்வூர்ப்பெயர் ஆங்கிலத்தில் கவச வாகனக் கிடங்கென்னும் தொடரின் முதலெழுத்துகளாற் பிறந்தது என்று அவ்வூர் மாணவரே நம்மிடம் பலமுறை கூறியுள்ளனர். டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையில் முதல் விஜயந்தா வெளிவந்தது 1965-ல். சோஷலிசப் பாணிச் சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றிய காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடியது 1955 ஜனவரியில்; அன்றே ஊருக்கு அப்பெயர்தான். இரு வருடங்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே கதை உதிர்ந்துவிடுகிறது. சிறு செய்தியே, எனினும் கேட்டதை அப்படியே நம்பும் பழக்கம் ஊர்ப்பெயரோடு நிற்பதில்லை. ‘எப்படியாவது தொழிற்சாலைக்குள் நுழைந்துவிடு, ஆயுள் முழுதும் கவலையில்லை’ என்று ஆவடித் தந்தையர் மக்கட்குச் சொல்லும் புத்திமதியும் அவ்வாறே ஏற்கப்படுகிறது. தந்தை கண்டது மெய். ஆனால் அது அவர் நுழைந்த ஆண்டின் மெய். 2021 அக்டோபர் முதல் தேதியில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டது. கவச வாகனங்களுக்குரிய கம்பெனியின் தலைமையிடம் ஆவடியே. முன்னரே இருந்த ஊழியர் அயற்பணியில் உள்ளவராகக் கருதப்பட்டு அரசாங்க ஊழியராயிருக்க, இனிச் சேர்பவர் கம்பெனியின் விதிகளுக்கு உட்பட்டவர். வாயில் அதுவே, சங்கொலியும் அதுவே. வேலையின் தன்மை வேறு. மகன் அந்த ஆணையைத் தானே படித்துப் பார்த்துத் தந்தையோடு பேசுதல் மரியாதைக் குறைவாகாது.

பூந்தமல்லிக்கு அப்பாலுள்ள திருமழிசையில் 2020 மே மாதத்தில் நிகழ்ந்ததைப்பற்றிச் சுருங்கச் சொல்லுவோம். கொரோனாத் தொற்றினால் கோயம்பேட்டு மார்க்கெட் மூடப்பட்டு, மொத்தக் காய்கறி வியாபாரம் அங்கே வெறும் மைதானத்துக்கு மாற்றப்பட்டது. வாணிகம் பயிலும் மாணவர்க்கு இத்தகைய காட்சி தலைமுறைக்கு ஒருமுறை கிடைப்பது. கட்டிடமும் பழகிய வாடிக்கையும் நீங்கியபோது, எவரின்றி வியாபாரம் ஒருநாளும் நடவாதென்பது வெளிப்பட்டது. மூட்டை சுமப்பவர், எடை போடுபவர், கடன் கணக்கை மனத்தில் வைத்திருந்தவர், நள்ளிரவில் லாரியை எதிர்கொள்பவர் ஆகிய இவர்களை மொத்த வியாபாரி கையோடு அழைத்துச்செல்லவேண்டியதாயிற்று. அவ்வூர்ப்பக்கத்து மாணவருள் சிலர் இதை நேரிற் கண்டிருப்பர். அவர்களை ஒருவரும் இதுபற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னதாக நாம் அறியோம்.

வழிகாட்டும் அன்பர்கள் நமக்கு ஒரு மறுப்புச் சொல்லக்கூடும். இளைஞர்க்கு வேண்டுவது தைரியம். நீர் சொல்லுவதெல்லாம் கணக்கு. பலகையையும் நரைத்த தலையையும் எண்ணிக்கொண்டிருந்தால் அவர்கள் மனம் சோர்ந்துபோகும் என்பர். மனச்சோர்வு கண்டதினால் வருவதைக் காட்டிலும், காணாமல் நம்பி ஏமாந்ததினால் வருவதே மிகுதி என்பது நம் அனுபவம். கண்டு துணிந்தவன் முதலாண்டின் துன்பத்தை எதிர்பார்த்தே செல்கிறான். அன்றியும் எல்லாரும் தொழிற்பேட்டைக்குப் போகவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆசிரியனாக விரும்புபவன் ஒரு பள்ளியின் மாலைப்பொழுதைப் பார்க்கட்டும். வக்கீலாக விரும்புபவன் பூந்தமல்லி நீதிமன்ற வளாகத்தில் ஒரு முற்பகல் நின்று, வழக்குகள் எத்தனை முறை தள்ளிவைக்கப்படுகின்றன என்பதையும், இளம் வக்கீல்கள் அந்நேரத்தை எங்ஙனம் கழிக்கின்றனர் என்பதையும் பார்க்கட்டும்.

நம் கல்லூரி அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். வழிகாட்ட அழைக்கப்படும் பேச்சாளர் எவராயினும், பேச்சு முடிந்தபின் ‘இதைத் தாங்கள் எங்கே, எப்பொழுது கண்டீர்கள்?’ என்று மாணவர் ஒருவர் எழுந்து வணக்கத்துடன் கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். கண்டு பேசுபவர் அவ்வினாவால் மகிழ்வார். மற்றவர் மறுமுறை வாரார். இரண்டாமாண்டு மாணவர் ஒவ்வொருவரும் பருவத்துக்கு மும்முறை, தாம் நாடும் தொழில் நடக்கும் இடத்தருகே இரண்டு மணி நேரம் நின்று, கண்டதைத் தேதியிட்டு எழுதிவரலாம். அக்குறிப்பில் பாடம் யாதும் எழுதலாகாது. கண்டது மட்டும் இருத்தல் வேண்டும். மூன்று குறிப்புகளையும் சேர்த்துப் படித்தபின்னரே ஆசிரியரோடு பேச்சு. இதற்குக் கட்டணம் ஒன்றுமில்லை. ரயில் சீசன் டிக்கெட்டு அவர்கள் கையில் ஏற்கெனவே உள்ளது. தொழிற்பேட்டையைப் பார்க்கச் செல்பவர் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்து போகலாம். ஷிப்டு விடும் நேரம் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை வேறுபடும். வாயிற்காவலரைக் கேட்டால் சொல்லுவார்.